ஆமைக் கொக்கி

"எல்லாரும் திரும்பி வந்துட்டாங்கன்னு உங்களுக்கு எப்படிப் பெரியம்மா தெரியும்?" என்று மொஸ்கூலா ஒரு முறை கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது இருக்கும். எங்களோடு படகில் வரத் தொடங்கிய முதல் கோடை அது. நல்ல கேள்வி. பெரியவர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. ஏறுகிறார்கள், குதிக்கிறார்கள், நீந்துகிறார்கள். தங்களைக் கரை சேர்ப்பது எங்கள் பாடு என்று விட்டுவிடுகிறார்கள்.

தலையை எண்ணிப் பயனில்லை, தம்பி. தலைகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒருவர் கழிப்பறையில் இருப்பார், ஒருவர் படகின் முன்பக்கம் இழுத்துக் கட்டிய வலையில் குப்புறப் படுத்திருப்பார். அதனால் என் அண்ணன் பிரங்கூலிஸ் ஒரு பலகை செய்து வைத்தார். எங்கள் கட்டமரானின் பின்பக்கம், ஏணிக்கு அருகில். பலகை நிறையக் கொக்கிகள். காலையில் ஏறும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு கொக்கி, அதில் அவருக்கு நாங்கள் கொடுக்கும் நீச்சல் கண்ணாடி. கடலில் இறங்குகிறவர் அதை எடுத்துக்கொண்டு போவார், ஏறியதும் மாட்டிவிடுவார். கொக்கி வெறுமையாக இருந்தால் ஆள் தண்ணீரில் இருக்கிறார். பலகை நிறைந்தால் நங்கூரத்தைத் தூக்கலாம்.

மொஸ்கூலா ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் ஒரு படம் வரைந்து வைத்தாள். நண்டு, சூரை, நட்சத்திர மீன், ஆமை.

"இது ஆமைன்னு நீ சொல்லித்தான் தெரியுது. உருளைக்கிழங்குக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு" என்பார் அண்ணன்.

"உங்க மூஞ்சியப் பாத்துத்தான் மாமா வரைஞ்சேன்" என்பாள் அவள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அண்ணன்மேல் நீங்கள் எழுதி வைத்திருக்கும் குற்றம் சரியில்லை. அவர் பலகையைப் பார்க்காமல் விட்டதே இல்லை. அன்றைக்கும் பார்த்தார். பலகை நிறைந்திருந்தது.

நீங்கள் சாப்பிடுங்கள். பெருநோன்பு தொடங்கும் திங்கட்கிழமை ரொட்டி, ஆறிப்போனால் செருப்புத் தோலாகிவிடும். இன்று ஊரெல்லாம் பட்டம் விட மேட்டுக்குப் போயிருக்கும், துறைமுக அலுவலகத்தில் காவலுக்கு நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள் என்று தெரிந்துதான் வந்தேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

மொஸ்கூலா என் தங்கை ஆந்தூலாவின் மகள். தங்கை பிரேயஸில் ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். வயிற்றில் பிள்ளையோடு இந்த மீலோஸ் தீவுக்குத் திரும்பி வந்தாள். நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பிறப்புப் பதிவில் மட்டும் ஒரு ஆணின் பெயரைக் கொடுத்தாள். பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போது தங்கை இரத்தத்தில் வந்த நோயால் போய்விட்டாள். அன்றிலிருந்து குழந்தை என் கைமேல் தலைவைத்துத்தான் தூங்குகிறாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. கடவுள் எனக்கு ஒரே ஒரு பொருளைக் கொடுத்தார், அதை நன்றாக வைத்துக்கொள்ளச் சொன்னார் என்றே நினைத்து வந்தேன்.

போன ஆகஸ்ட் தொடக்கம். மாதாவின் நோன்பு நாட்கள். தீவைச் சுற்றும் முழுநாள் பயணத்துக்கு அந்த மனிதர் தனியாக வந்திருந்தார். பெரிய வைக்கோல் தொப்பி. ஏறும்போதே பனிப்பெட்டிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறை வாசலில் வைத்தார். பயணிகள் அப்படிச் செய்வதில்லை. அடாமாஸ் துறையை விட்டு விலகிய கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வாசலில் வந்து நின்றார்.

"தக்காளி நறுக்கட்டுமா? பாதி ஆயுசு கப்பல் சமையலறையிலதான் போச்சு எனக்கு."

கத்தியைக் கொடுத்தேன். நன்றாக நறுக்கினார். மொஸ்கூலா வந்து எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், உங்க கொக்கி ஆமை."

"ஏன், சுறா கிடையாதா?"

"சுறாவ அந்த பிரெஞ்சு அண்ணன் எடுத்துக்கிட்டாரு. வயசானவங்களுக்கு ஆமைதான். மெதுவாத்தானே நீந்துவீங்க?"

"அதென்னமோ உண்மைதான். நான் வந்து சேர்றதுக்குள்ள படகு போயிட்டா?"

"போகாது. உங்க கண்ணாடிய மாட்டுற வரைக்கும் மாமா நங்கூரத்தைத் தூக்க மாட்டாரு. பயப்படாம மெதுவா வாங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் கண் அவள்மேலேயே இருந்தது. "மூக்கு தோலுரியுது பாரு" என்று சொல்லித் தன் தொப்பியை எடுத்து அவள் தலையில் வைத்தார். காது வரை இறங்கியது. அன்று முழுவதும் அவள் அதைக் கழற்றவில்லை.

பயணிகளுக்குக் கோழி சுடுவேன், பாலாடைக்கட்டி அறுப்பேன். நோன்பு நாளில் எனக்கு அவரைக்கொட்டைக் கஞ்சி தனியாக ஒரு சின்னப் பானையில் இருக்கும். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"நோன்பா?"

"ஆமாம்."

"நானும்தான். இல்லைன்னா எங்கக்கா கலிரோயி வீட்டுக்குள்ள விட மாட்டா."

பானையை நடுவில் வைத்து இரண்டு கரண்டி எடுத்தேன். இருவரும் சாப்பிட்டோம். பாதியில் அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஆந்தூலா உங்க தங்கச்சிதானே? நான் தியோஃபிலோஸ்."

பதிவில் இருந்த பெயர். உண்மையைச் சொன்னால், அவர் நறுக்கும்போதே அவர் காது மடல்களைப் பார்த்துவிட்டேன், மொஸ்கூலாவுக்கு இருக்கும் அதே மடல்கள்.

அவர் எதையும் மறைக்கவில்லை. அந்தக் காலத்தில் குடித்ததாகவும், சண்டை போட்டுவிட்டுக் கப்பலேறியதாகவும், பிள்ளை இருப்பதே தெரியாது என்றும் சொன்னார். சலவைக்கூடத்தில் தங்கையோடு வேலை பார்த்த ஒருத்தி போன ஈஸ்டரில்தான் சொல்லியிருக்கிறாள். குடியை விட்டு வெகுநாளாகிறது. பிரேயஸில் அக்காவோடு இருக்கிறார், ரொட்டிக்கடையில் வேலை.

"அவளக் கூட்டிட்டுப் போக வரல. சத்தியமா. கோடையில வந்து பாத்துட்டுப் போறேன், அவ்வளவுதான். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் யாருன்னு நீங்க அவகிட்டச் சொல்லணும். நான் சொன்னா மிரண்டுடுவா. நீங்க சொன்னா நம்புவா."

"மத்தியானச் சாப்பாடு முடியட்டும். சொல்றேன்" என்றேன்.

அது பொய்யில்லை. சொல்லத்தான் நினைத்தேன். அப்புறம் பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்தேன். முதலில் கோடை. பிறகு கிறிஸ்துமஸ். பிறகு பிரேயஸில் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது என்பார்கள். அதுவும் உண்மையாகவே இருக்கும். அவர் குடிகாரராக, முரடராக இருந்திருந்தால் ஊரும் நீதிமன்றமும் என் பக்கம் நின்றிருக்கும். நல்ல மனிதரை என்ன செய்ய முடியும்? இதை நான் பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன், தம்பி. அவர் கெட்டவராக இருந்திருந்தால் இன்று உயிரோடு இருப்பார்.

தெற்குக் கரை மேற்காகத் திரும்பும் இடத்தில் கூரை இடிந்த குகை இருக்கிறதே, அங்கே முதல் நங்கூரம். உள்ளே கூழாங்கல் கரை, மேலிருந்து வெயில் விழும். வாசல் வளைந்திருப்பதால் உள்ளே இருப்பவரைப் படகிலிருந்து பார்க்க முடியாது. அவர் கடைசியாக இறங்கினார். மொஸ்கூலா ஏணியில் உட்கார்ந்து, "ஆமை போகுது, ஆமை போகுது" என்று கத்தினாள். அவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மெதுவாக உள்ளே போனார்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். வடகாற்று எழும் அறிகுறி தெரிந்தது. அது முற்றுவதற்குள் தெற்கு முனையைக் கடக்க வேண்டும் என்று அண்ணன் அவசரப்பட்டார். நான் மொஸ்கூலாவுக்கு வாந்தி மாத்திரை பாதி கொடுத்தேன். அலை வரும்போது அவளுக்குக் குமட்டும். அதைச் சாப்பிட்டால் நன்றாகத் தூங்கிவிடுவாள். பிறகு உதிரிப் பெட்டியைத் திறந்து ஒரு நீச்சல் கண்ணாடியை எடுத்தேன். தூசி இருந்தது. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்து, ஆமைக் கொக்கியில் மாட்டினேன்.

"எல்லாரும் ஏறியாச்சா அர்கிரோ?" என்று அண்ணன் சுக்கானிலிருந்து கேட்டார்.

"பலகையப் பாருங்க" என்றேன்.

ஆமாம் என்று நான் சொல்லவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். நங்கூரச் சங்கிலி ஏறியது.

அப்போது நான் நினைத்தது இதுதான். உள்ளே கரை இருக்கிறது, உட்கார்ந்திருப்பார். பின்னால் வேறு படகு வரும், ஏற்றிக்கொள்ளும். அவருக்கு ஒரு நாள் வீணாகும். எனக்கு ஒரு மாலைப்பொழுது கிடைக்கும், குழந்தையிடம் முதலில் நான் பேச. ஒரு மாலைப்பொழுது. அதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை.

சாப்பாட்டுக்கு வெள்ளைப் பாறைகளின் நடுவே கிளெஃப்டிக்கோ என்ற இடத்தில் நிறுத்தினோம். அங்கிருந்து ரப்பர் படகில் அந்தக் குகைக்குப் போய்வரச் சிறிது நேரம் போதும். நான் மேசையில் துணி விரித்தேன், கோழியும் தக்காளியும் பரிமாறினேன். அண்ணன் வழக்கம்போலப் பயணிகளைச் சிரிக்க வைத்தார். "எங்க அர்கிரோ நோன்பு நாள்ல ருசி பார்க்க மாட்டா. உப்பு கூடிப்போச்சுன்னா என்கிட்ட வராதீங்க, நேரா மாதாகிட்டப் போய்ச் சொல்லுங்க." எல்லோரும் சிரித்தார்கள். அன்றும் நான் குழம்பை நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு நோன்பை ஒரு நாளும் முறிக்கவில்லை.

ஒரு தட்டு மிஞ்சியது. ரொட்டியும் ஆலிவும் அவரைக்காயும் வைத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, நிழலில் வைத்தேன். பசியோடு இருப்பார் அல்லவா? ஹாலந்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மாளின் தோளில் சொறிமீன் பட்டுவிட்டது. காடியில் நனைத்த துணியால் ஒற்றி, எரிச்சல் அடங்கும்வரை ஊதிக்கொண்டே இருந்தேன். அந்த அம்மாள் என் கையை முத்தமிட்டாள். நான் எப்போதுமே அப்படித்தான், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சின்ன உதவியைத் தள்ளிப்போடாதே, அதில்தான் ஒரு உயிர் தொங்கிக்கொண்டிருக்கும் என்று மொஸ்கூலாவுக்குச் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தேன். இப்போதும் அதை நம்புகிறேன்.

அன்று அதற்கு ஒரு வார்த்தை போதும். அண்ணன் எனக்கு எதிரில் உட்கார்ந்து தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்தார்.

வேறு படகு வரும் என்று நினைத்தேன் என்றேன் அல்லவா? காற்று எழும் நாளில் மற்றப் படகுகள் அந்தப் பக்கத்தைக் காலையிலேயே முடித்துவிடும். அண்ணன் நிதானக்காரர், எப்போதும் நாங்கள்தான் அங்கே கடைசி. தீவைச் சுற்றி வருகிறவர்கள் போன வழியே திரும்புவதும் இல்லை. அது எனக்குத் தெரியும். பாத்திரம் துடைக்கும்போதும் தெரிந்துதான் இருந்தது.

கிழக்குக் கரையைச் சுற்றி வடக்கே வந்தபோது மொஸ்கூலா எழுந்தாள்.

"ஆமை அங்கிள் எங்க?"

"முன்னாடி வலையில படுத்திருப்பாரு. தொந்தரவு பண்ணாத."

துறையில் எல்லோரும் செருப்புக் கூடையைச் சூழ்ந்துகொண்டு நின்றார்கள். காலையில் ஏறும்போது அதில்தான் கழற்றிப் போடுவார்கள். அந்த நெரிசலில் யார் இறங்கினார், யார் இறங்கவில்லை என்று யாருக்கும் தெரியாது. அவள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏணிப்பக்கம் காத்து நின்றாள்.

"அவரு அவசரமா முதல்லயே எறங்கிப் போயிட்டாரு, கண்ணு."

"எங்கிட்டச் சொல்லாமயா? தொப்பிய வாங்காமயா?"

"பெரியவங்க மறந்துடுவாங்க."

அவள் அழவில்லை. கூடையின் அடியில் ஒரு ஜோடி தோல் செருப்பு கிடந்தது. உருளைக்கிழங்குச் சாக்குக்குள் வைத்துக் கொண்டுபோய், மறுநாள் கோயிலின் தருமப் பெட்டியில் போட்டேன். நல்ல செருப்பு. யாராவது ஏழைக்கு உதவட்டும் என்று.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மீனவர்கள் அவரைக் கண்டெடுத்தது குகைக்குள் அல்ல, தெற்கு முனையைத் தாண்டி. அவர் கரையில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. வெளியே வந்து பார்த்திருக்கிறார்; படகு போய்க்கொண்டிருப்பது தெரிந்திருக்கிறது; பின்னாலேயே நீந்தியிருக்கிறார். கண்ணாடியின் பட்டை மணிக்கட்டில் சுற்றியிருந்தது. அதில் எங்கள் படகின் பெயர் இருந்ததால்தான் நீங்கள் அண்ணனைத் தேடி வந்தீர்கள்.

பலகை நிறைந்திருந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் நம்பவில்லை. குளிர்காலம் வந்தபோது அவரே நம்பவில்லை. "கண்ணு என்னை ஏமாத்திடுச்சு அர்கிரோ" என்றார். படகைக் கரையேற்றிவிட்டார். கோயிலில் பின்வரிசையில் நிற்கிறார், நற்கருணை வாங்குவதில்லை. அவருக்குப் பிடித்த சூப்பை வைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டார்.

இறந்தவரின் அக்கா கலிரோயி போன வாரம் வந்தார், தன் தம்பி போன இடத்தைப் பார்க்க வேண்டும் என்று. இந்தப் பருவத்தில் விடுதிகள் மூடியிருக்கும். என் வீட்டில் தங்கச் சொன்னேன். அமைதியான பெண்மணி. முதல் நாளே மொஸ்கூலாவுக்குத் தலை பின்னிவிட்டார். சமையல் மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள் இருவரும்.

"மீலோஸ்ல ஒரு காரியம் இருக்கு, நல்லபடியா முடிஞ்சா உனக்கு ஒரு சந்தோஷம் கொண்டாறேன்னு சொல்லிட்டுப் போனான்" என்றார் கலிரோயி, சீப்பை இழுத்துக்கொண்டே. "இந்த ஊர்ல அவனுக்கு யாரைத் தெரியும்? என்ன சந்தோஷமா இருக்கும்னு நெனச்சு நெனச்சுப் பாக்கறேன்."

"வலிக்குது பாட்டி" என்றாள் மொஸ்கூலா.

"பாட்டியா? அடி வாங்குவ. அத்தைன்னு கூப்பிடு."

இருவரும் சிரித்தார்கள். சும்மா மரியாதைக்குச் சொன்ன அத்தை. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன்.

நேற்று மன்னிப்பு ஞாயிறு. பெருநோன்புக்கு முன்னால் ஊரே ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் மாலைப் பூசை. நீங்களும் வரிசையில் நின்றீர்கள். நான் கலிரோயியின் முன் வந்ததும் நன்றாகக் குனிந்தேன். "என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

"கடவுள் மன்னிப்பாரு. நீங்களும் என்னை மன்னிக்கணும்" என்றார், என் கன்னத்தில் முத்தமிட்டார்.

தபால்காரரிடமும் அதையேதான் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். கேட்டேன், கொடுத்தார். அதோடு முடிந்தது என்று என் நெஞ்சு லேசாகிவிட்டது. நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

எனக்குப் பின்னால் அண்ணன் நின்றார். அவர் குனியவில்லை, தரையில் விழுந்தார். "நான்தான் விட்டுட்டு வந்தேன் அம்மா, உங்க தம்பிய நான்தான் விட்டுட்டு வந்தேன்" என்று கலிரோயியின் காலணிகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தப் பெண்மணி தானும் தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். எல்லோரும் பாடுவதை நிறுத்திவிட்டார்கள். செய்யாத ஒன்றுக்கு என் அண்ணன் மன்னிப்பு வாங்கிக்கொண்டிருந்தார். அது முறையில்லை என்று பட்டது. அதற்காகத்தான் வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். கண்ணாடியை மாட்டியது நான். அவர் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்து மாட்டினேன். யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்து பேசாமல் இருந்தேன். அண்ணனுக்கு அவருடைய படகோட்டும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஈஸ்டருக்குப் பிறகு சாயம் பூசி இறக்கினால் இந்தக் கோடைக்கு ஆகிவிடும்.

குழந்தைக்கு இதை யார் சொல்வது என்று கவலைப்படுகிறீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது, நீங்கள் இரக்கமுள்ள பிள்ளை. அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். இன்று காலை கலிரோயி பட்டத்துக்கு வால் கட்ட வண்ணக் காகிதம் வாங்கப் போயிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் கட்டில் ஓரம் மண்டியிட்டு, மொஸ்கூலாவின் காதில் விழுந்திருந்த முடியை ஒதுக்கி, தெளிவாகச் சொன்னேன். "அன்னிக்குப் படகுல வந்தாரே, அவர்தான் உன் அப்பா." ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னேன்.

அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். கொடுத்துத் தீர்த்துவிட்டேன். அவள் புரண்டு படுத்தாள். நான் எழுப்பவில்லை. பாவம், விடுமுறை நாள், தூங்கட்டும்.